பனகல் பூங்காவைத் திருப்பிக் கொடுக்கும்போது உட்கார இடத்தோடு கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தி.நகர் மெட்ரோ வேலையைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. சுரங்கம் எதுவரை வந்திருக்கிறது, எந்தச் சாலையை ஒருவழியாக்கியிருக்கிறார்கள், எந்தக் கடைக்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது என்றெல்லாம் எழுதுகிறீர்கள், நல்லது. ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். வேலை எல்லாம் முடிந்து தகரத் தடுப்புகளைக் கழற்றிய பிறகு பனகல் பூங்கா என்னவாகத் திரும்பி வரப்போகிறது? ஸ்டேஷனுக்கு முன்னால் அழகுக்கு நாலு பூச்செடியா, காலையில் நடக்கிறவர்களுக்கு ஒரு டைல்ஸ் பாதையா, இல்லை இந்த ஊருக்கு வருகிற யாரும் எந்த மாதத்திலும் எந்த நேரத்திலும் வந்து உட்காரக்கூடிய இடமா? மூன்றாவதுதான் வேண்டும் என்று சொல்ல வந்தேன்.

நான் மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கிறேன். ரயில்வே லைனைத் தாண்டி தி.நகர் பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை. பிளவுஸ் தைப்பது, புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது, குஞ்சம் கட்டுவது, இதுதான் பிழைப்பு. செங்கல்பட்டிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் அன்றைக்கே ஃபால்ஸ் வைத்துக் கொடுத்துவிடச் சொல்லுவார்கள், ஊருக்குத் திரும்ப வேண்டியவர்கள் இல்லையா. ரெண்டு மணி நேரம் ஆகும் அக்கா, எங்கேயாவது உட்கார்ந்துவிட்டு வாங்க என்பேன். எங்கேம்மா உட்காருவது என்று திருப்பிக் கேட்பார்கள். முன்பெல்லாம் யோசிக்காமல் பனகல் பார்க்குக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவேன். மெட்ரோ வேலைக்காகப் பூங்காவில் தடுப்பு வைத்து அடைத்ததிலிருந்து அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஹோட்டலுக்குப் போய் ஒரு காபி சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அடுத்த குடும்பம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தி.நகரில் கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள், உண்மைதான். ஊசியிலிருந்து ஒட்டியாணம் வரை வாங்கலாம். காசு கொடுக்காமல் பத்து நிமிடம் உட்காரத்தான் இடம் கிடையாது. வயதான அம்மாக்கள் துணிக்கடைப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன், வழியை மறைக்காதீங்கம்மா என்று காவலாளி வந்து கேட்டுக்கொள்ள, அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடையின் படிக்கு நகர்கிறார்கள். அந்தக் காவலாளியைக் குறை சொல்லி என்ன பயன், அவருக்கு இடப்பட்ட வேலை அது.

வாங்க வருகிறவர்களாவது மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கேயே வேலை பார்க்கிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து கடைக்காரர்கள் ஏற்பாடு செய்த விடுதிகளில் தங்கி, காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்துப் போடுகிற பெண்கள். கடை ஊழியர்கள் வேலை நேரத்தில் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2021ல் தனியாக ஒரு சட்டத் திருத்தமே கொண்டு வந்தது, நாளெல்லாம் நிற்பதால் கால் நரம்பு சுருட்டிக்கொண்டு அவதிப்படுகிறார்கள் என்பதுதான் காரணம். கடைக்குள்ளே உட்காரும் உரிமை வந்தது, சந்தோஷம். கடைக்கு வெளியே? மதியம் ஒன்றரை மணிக்கு மேம்பாலத்தின் கீழே வந்து பாருங்கள். ஒரே நிறப் புடவை கட்டிய இரண்டு பெண்கள் தூண் ஓரத்துச் சிமெண்ட் திண்டில் அட்டையை விரித்து உட்கார்ந்து, டப்பா மூடியைத் தட்டாக வைத்து எலுமிச்சை சாதத்தைப் பாதிப்பாதி போட்டுக்கொண்டிருப்பார்கள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை சாதத்தில் படாமல் இருக்க அதைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருப்பார்கள். நாலடி தள்ளி பஸ் போகும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கிடைக்கும்போது விடுதி அறையை விட்டு எங்கே போவது என்று என் கடைக்கு வரும் பெண் ஒருத்தி கேட்டாள். கடற்கரைக்குப் போ என்றேன். போக வர பஸ்ஸுக்கே நேரம் சரியாகப் போய்விடுகிறது அக்கா என்றாள்.

இத்தனைக்கும் தி.நகரைக் கட்டியவர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் கட்டினார்கள். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டபோது நட்ட நடுவில் பூங்காவுக்கு இடம் விட்டு, உஸ்மான் சாலை, வெங்கட்நாராயணா சாலை, ஜி.என். செட்டி சாலை, தியாகராய சாலை என்று பெரிய சாலைகளையெல்லாம் அதை நோக்கி வந்து சேரும்படி வரைந்தார்கள். அதற்கு வைத்த பெயர் பனகல் அரசர் பெயர். 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் அவர், நீதிக்கட்சிக்காரர், எல்லாப் பிரிவினருக்கும் அரசு வேலையில் பங்கு கேட்ட வகுப்புவாரி அரசாணையும் கோயில் நிர்வாகத்துக்கான அறநிலையச் சட்டமும் அவர் காலத்தவை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் நடேசன் பூங்காவும் அதே கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான டாக்டர் நடேசனார் பெயரில் இருப்பதுதான். வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்குச் சென்னையில் தங்க இடம் கிடைக்காத காலத்தில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்று ஒரு விடுதியையே நடத்தியவர் அவர். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நகரத்தில் கால் ஊன்ற இடம் வேண்டும் என்று பாடுபட்ட மனிதரின் பெயரில் பூங்கா வைத்திருக்கிற ஊரில், வெளியூரிலிருந்து வந்து உழைக்கிற பெண்கள் மேம்பாலத்துக்கு அடியில் சாப்பிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

பூங்கா என்றால் நடைப்பயிற்சி என்று நாம் பழகிப்போய்விட்டோம். சென்னைக்கு அப்படி ஒரு பழக்கம் முன்பு இல்லை. மாநகராட்சியே 1930ல் வானொலி ஒலிபரப்பு தொடங்கி, வீட்டில் ரேடியோ வாங்க வசதி இல்லாதவர்களும் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டிய ஊர் இது. பின்னால் வந்த பூங்காக்களிலும் ரேடியோ அறை இருக்கும், சாயங்காலச் செய்திக்கும் பாட்டுக்கும் தெருவே வந்து உட்கார்ந்திருக்கும், என் வயதுக்காரர்கள் நிறைய பேருக்கு நினைவிருக்கும். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் அண்ணா தி.மு.கழகத்தின் தொடக்கக் கூட்டத்தில் பேசினார், கூட்டம் நனைந்துகொண்டே நின்று கேட்டது. மழை மாதம், வேண்டாம், பூங்கா மூடல் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அரசியல் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விஷயம், நான் அதற்குள் போகவில்லை. மக்கள் கூடுவதற்கென்று ஊருக்கு நடுவே ஓர் இடம் இருந்தது, அதற்குப் பூங்கா என்று பெயர் இருந்தது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

அப்படி இருந்த இடங்களில் மிகப் பெரியதை நாம் தொலைத்தும் விட்டோம். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் நூறு ஏக்கருக்கு மேல் பீப்பிள்ஸ் பார்க் இருந்தது. 1859ல் கவர்னராக வந்த டிரெவெல்யன் காலத்தில் உண்டாக்கியது, குளங்களும் சாலைகளும் பேண்டு வாத்தியம் வாசிக்க மேடையும் மிருகக்காட்சிசாலையுமாக இருந்த இடம். எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் இங்கிருந்த மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்லிக்கொண்டு சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்ததை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். யாரும் ஒரே நாளில் அந்தப் பூங்காவை அழிக்கவில்லை. விக்டோரியா ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913ல் ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கம் வந்தது, ரயில்வேக்கு இடம் போனது, 1985ல் மிருகங்களை வண்டலூருக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டால் நல்ல காரணம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து முடிந்தபோது மை லேடீஸ் பூங்கா போல ஓரத்தில் ஒரு துண்டும், பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்ற பெயர்களும்தான் மிச்சம்.

அதனால்தான் பனகல் பூங்கா விஷயத்தில் இப்போதே பேச வேண்டும் என்கிறேன். மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் போட்டுவிடாதீர்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகிற அந்த ரயில் எங்கள் ஏரியாவுக்கு அவ்வளவு தேவை, தீபாவளி சமயத்தில் உஸ்மான் சாலையில் நடந்து பார்த்தவர்கள் யாரும் மெட்ரோவை எதிர்க்க மாட்டார்கள். என் பயம் எல்லாம், நிலத்தடி ஸ்டேஷன் என்றால் மேலே படிக்கட்டு வாசல்கள் வரும், லிஃப்ட் வரும், காற்றுப் போக்கிக் கூண்டுகள் வரும், இவை தவிர்க்க முடியாதவை, சரி. அதோடு ஒரு ஜெனரேட்டர் அறை, பக்கத்தில் கொஞ்சம் பைக் நிறுத்துமிடம், பராமரிப்புச் செலவுக்கு நாலு கடை என்று ஒவ்வொன்றாக நல்ல காரணத்தோடு வந்து சேர்ந்தால் பூங்கா எங்கே இருக்கும்? தரைக்கு மேல் ஸ்டேஷனுக்கு எவ்வளவு இடம், பூங்காவுக்கு எவ்வளவு இடம் என்று கோடு போட்டு வரைபடத்தில் காட்டிவிட வேண்டும். இன்னொன்று, ஸ்டேஷன் கூரைக்கு மேல் போதுமான ஆழத்துக்கு மண் போட வேண்டும். ஓரடி மண்ணைக் கொட்டி ரோல் ரோலாகப் புல் விரித்துவிட்டால் பச்சையாகத் தெரியும், ஒரு மரம்கூட நிற்காது. தூங்குமூஞ்சி மரமும் புங்கமும் வேர் பிடிக்கிற அளவுக்கு மண் இல்லாத பூங்காவில் நம் ஊர் வெயிலுக்கு யார் உட்காருவார்கள்?

பூமிக்கு அடியில் ஒன்றைக் கட்டிவிட்டு மேலே பூங்காவை முன்னைவிட நன்றாகத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டால், முடியும், செய்து காட்டியிருக்கிறார்கள். என் அண்ணன் மகள் நியூயார்க்கில் வேலை பார்க்கிறாள். அவள் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருகிற இடம் பிரையன்ட் பார்க். நகரத்தின் நட்ட நடு மையம், பெரிய பொது நூலகத்தின் பின்பக்கம், சுற்றிலும் வானளாவக் கட்டடங்கள். 1970களில் அது போதைப் பொருள் விற்கிறவர்களின் இடமாக இருந்ததாம், சாதாரண ஜனம் உள்ளே போகப் பயந்தார்கள். 1988ல் மூடினார்கள். பூங்காவுக்கு அடியில் நூலகத்துக்குப் புத்தகக் கிடங்கு கட்டினார்கள், மேலே புல்வெளி போட்டு, ஓரங்களில் இருந்த மரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, 1992ல் திறந்தார்கள். மூடியிருந்த காலத்தில் அவர்கள் செய்த காரியங்களில் வில்லியம் வைட் என்பவரின் யோசனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பொது இடங்களில் மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று கேமரா வைத்து வருஷக்கணக்கில் கவனித்த மனிதர் அவர். உயரமான வேலிச் செடிகள்தான் உள்ளே நடப்பதை மறைக்கின்றன, அவற்றை எடுங்கள், வாசல்களை அதிகமாக்குங்கள், சாலையிலிருந்து பார்த்தாலே உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்றார். அப்புறம் நாற்காலி. தரையில் பதிக்காத, லேசான, யாரும் தூக்கி நிழலுக்கு நகர்த்திக்கொள்ளக்கூடிய மடக்கு நாற்காலிகளை ஆயிரக்கணக்கில் போட்டார்கள். இரண்டு பேர் வந்தால் இரண்டை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், குடும்பமாக வந்தால் வட்டமாகப் போட்டுக்கொள்ளலாம், தனியாக இருக்க நினைத்தால் மரத்தடிக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

அங்கே கோடையில் புல்வெளியில் சினிமா போடுகிறார்கள், பனிக்காலத்தில் அதே இடத்தில் ஐஸ் தரை போட்டுச் சறுக்கு விளையாட்டு, அதைச் சுற்றிப் பண்டிகைக் கடைகள். வாசிப்பு இடம் ஒன்று வைத்திருக்கிறார்கள், 1935ல் பொருளாதார மந்தத்தில் வேலை போனவர்கள் வந்து படிக்கட்டும் என்று நூலகம் தொடங்கியதை நின்றுபோன பிறகு மறுபடி கொண்டு வந்திருக்கிறார்கள், புத்தகம் எடுக்க அட்டை வேண்டாம், பெயர் எழுத வேண்டாம். கழிப்பறை அவ்வளவு சுத்தம், உள்ளே பூச்சாடி வைத்திருப்பார்கள் அத்தை என்று இவள் சொன்னபோது முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை, போட்டோ அனுப்பினாள். அங்கே இருப்பதெல்லாம் அப்படியே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பூங்காவை ஒரு தனி அமைப்பு சுற்றியுள்ள கட்டடக்காரர்களிடம் பணம் வசூலித்தும் கடை வாடகை வாங்கியும் நடத்துகிறது, பல வருஷம் ஃபேஷன் ஷோவுக்கு வாடகைக்கு விட்டு அந்த நாட்களில் புல்வெளியே பொதுஜனத்துக்கு இல்லாமல் போனதும் நடந்திருக்கிறது. அது நமக்கு வேண்டாம். நமக்கு மாநகராட்சிப் பூங்காவாகவே, நுழைவுக் கட்டணம் இல்லாமல் இருக்கட்டும். கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்திருக்கிறது, குழந்தைகளுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே போகவே பெரியவர் ஒருவருக்கு நூறு ரூபாய் என்றால் என் கடைக்கு வரும் அந்தப் பெண் மாதத்தில் எத்தனை முறை போவாள்? எப்போதாவது பார்க்கப் போகிற இடம் அது. தினமும் போகிற இடம் இலவசமாகத்தான் இருக்க வேண்டும்.

நம் ஊரில் வருஷம் முழுக்க என்றால் என்ன என்று நமக்குத்தான் தெரியும். நமக்குப் பனி இல்லை, கத்திரி வெயில் இருக்கிறது. மே மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் தி.நகரில் நிழல் அதிகம் தேவைப்படுகிறது, அந்த நேரத்தில் பூட்டுத் தொங்கிய பூங்காக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பூங்காவில் (எது என்று சொல்லவில்லை, யாருடைய வேலைக்கும் உலை வைக்க எனக்கு விருப்பமில்லை) காலை பத்து மணிக்கு விசில் ஊதி எல்லோரையும் கிளப்பியதைப் பார்த்தேன், கர்ப்பிணிப் பெண் ஒருத்தி வெளியே வந்து கேட்டுக்கு எதிரே வெயிலில் நின்றாள், உள்ளே நிழலில் பெஞ்சுகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. சாப்பாடு கொண்டு போகிற டெலிவரிப் பையன்கள் மரம் இருக்கிற தெருவாகத் தேடி வண்டியை நிறுத்தி, சீட்டின் மேலேயே காலை நீட்டிப் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பூங்காதான் இடம். ஒரு தண்ணீர்க் குழாயும் போன் சார்ஜ் போட ஒரு பிளக்கும் வைத்தால் பெரிய உதவி.

மழைக்காலத்துக்கு வருவோம். தி.நகர் ஏரிப் படுகை, எத்தனை கான்கிரீட் போட்டாலும் தண்ணீருக்கு அது மறக்காது. 2021 நவம்பரில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் முழங்கால் தண்ணீரில் நடந்தோம். பூங்காவைச் சுற்றியுள்ள சாலையைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைத்து மழைநீர் உள்ளே வந்து ஊறும்படி செய்கிற பஞ்சுப் பூங்காக்களை அந்த வெள்ளத்துக்குப் பிறகு மாநகராட்சியே சில இடங்களில் அமைத்திருக்கிறது. ஸ்டேஷன் வராத பகுதியில் பனகல் பூங்காவிலும் அதைச் செய்யலாம், சிமெண்ட் கல் பதிக்கிற ஆசையை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். கூரை போட்ட ஒரு மண்டபம் இருந்தால் மழை நாளிலும் ஆள் இருப்பார்கள்.

அந்த மழைக்கு நடுவில்தான் தீபாவளி வருகிறது. கைக்குழந்தையோடு வருகிற தாய்மார்கள் பால் கொடுக்கத் திரும்ப ஓர் இடம் இல்லாமல் கடை மாடிப்படி மூலையில் சுவரைப் பார்த்து உட்காருகிறார்கள், பை சுமக்கிற ஆண்கள் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றே மூன்று மணி நேரம் கழிக்கிறார்கள், தாத்தா பாட்டியைக் கூட்டிக்கொண்டு வருவதையே பலர் விட்டுவிட்டார்கள். எத்தனை போலீஸ், எத்தனை கேமரா, காவல் கோபுரம் எல்லாம் போடுகிறோம், அந்த ஒரு மாதத்துக்குப் பூங்காவில் ஆயிரம் பிளாஸ்டிக் நாற்காலியும் பாலூட்டும் அறையும் நடமாடும் கழிப்பறையும் வைத்தால் ரங்கநாதன் தெரு நெரிசலே கொஞ்சம் இளகும் என்பது என் அனுபவம் சொல்வது. ஜனங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டே இருப்பதால்தான் பாதி நெரிசல். 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதையை அகலப்படுத்தித் திறந்தபோது ஆங்காங்கே கல் இருக்கை போட்டார்கள், அவை என்றைக்காவது காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. 2023ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஆகாய நடைபாதை வந்தது, அதுவும் நல்ல காரியம். நடக்க வழி செய்துவிட்டார்கள், இனி உட்கார வழி செய்ய வேண்டும்.

புரட்டாசிச் சனிக்கிழமை வெங்கட்நாராயணா சாலைப் பெருமாள் கோயிலுக்கு வருகிற கூட்டமும், மார்கழியில் வாணி மகாலுக்கும் கிருஷ்ண கான சபாவுக்கும் கச்சேரி கேட்க வருகிற பெரியவர்களும் இதே வட்டாரம்தான். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மைக் இல்லாமல் குழந்தைகள் கச்சேரி செய்கிறார்கள், பாடுகிற பிள்ளைக்கு எதிரே பத்தடி தூரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்கிறார்கள், யார் வீட்டுத் தூக்கமும் கெடுவதில்லை. அமிர்தாஞ்சன் கம்பெனியைத் தொடங்கியவர் பெயரில் இருக்கிற அந்தப் பூங்காவை இன்று சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் பராமரிக்கிறது, போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தி.நகரில் வியாபாரம் செய்கிற பெரிய கடைகளும் பனகல் பூங்காவுக்கு இப்படி ஏதாவது செய்யலாம். பூங்காவில் கால் ஆறுகிற வாடிக்கையாளர் மறுபடி கடைக்குத்தானே வருவார்.

நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குடிகாரர்கள் வருவார்கள், காதலர்கள் வருவார்கள், படுத்துத் தூங்குவார்கள், பூங்கா கெட்டுவிடும் என்று சிலர் சொல்லுவார்கள், எங்கள் தெருவிலேயே சொல்கிறார்கள். பெண்ணாக என் பதில் இது. ஆள் இல்லாத பூங்காவில்தான் எனக்குப் பயம். பத்துக் குடும்பம் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பாட்டிலைத் திறக்க யாருக்கும் தைரியம் வராது, இருட்டும் பூட்டும்தான் அவர்களுக்கு வசதி. அந்த நியூயார்க் பூங்கா திருந்தியதும் உள்ளே ஜனம் நிறைந்ததால்தான், அங்கே பெண்கள் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதையே பூங்கா நன்றாக இருக்கிறதா என்பதற்கு அடையாளமாக வைத்துப் பார்த்தார் அந்த வைட். காதலிக்கிற பிள்ளைகள் வெளிச்சத்தில் நாலு பேர் நடுவே உட்கார்ந்து பேசினால் யாருக்கு என்ன நஷ்டம்? காலையிலிருந்து மூட்டை தூக்கிய மனிதன் மதியம் அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் பெஞ்சு தேய்ந்துவிடாது. படுக்க முடியாதபடி நடுவில் கம்பி வைத்த இருக்கைகளை இப்போது சில இடங்களில் பார்க்கிறேன், அவற்றைத் தயவுசெய்து இங்கே போட வேண்டாம். கர்ப்பிணிக்கும் சரி, பருமனானவர்களுக்கும் சரி, குழந்தையை மடியில் கிடத்துகிறவர்களுக்கும் சரி, அந்தக் கம்பி தொந்தரவுதான்.

காலையில் நடக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இத்தனை வருஷம் விளக்கு எரியவில்லை, குழாய் உடைந்தது என்று மனுப் போட்டுப் பூங்காவைக் காப்பாற்றி வைத்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கான பாதை ஓரமாக இருக்கட்டும். நடுவிடத்தை உட்காருகிறவர்களுக்கு விடச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பூங்கா மீண்டும் எப்படி இருக்கும் என்று வரைந்த வரைபடம் ஏற்கெனவே இருந்தால் அதை உங்கள் நாளிதழில் பெரிதாக வெளியிடுங்கள், இல்லாவிட்டால் அதிகாரிகளிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். வார்டுகளில் இப்போது பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது, கிராம சபை மாதிரி நகரத்துக்கும் 2022ல் கொண்டு வந்தார்கள். பூங்கா விஷயத்துக்கென்றே ஒரு கூட்டத்தை, அந்தத் தகரத் தடுப்புக்குப் பக்கத்திலேயே, வரைபடத்தைத் தமிழில் பெரிதாக ஒட்டி வைத்து நடத்தச் சொல்லி எங்கள் மாமன்ற உறுப்பினரிடம் நாங்கள் சில பேர் எழுதிக் கொடுக்கப்போகிறோம். அந்தக் கூட்டத்தை ஞாயிறு மாலையில் வைத்தால் தி.நகரில் வேலை பார்க்கிற ஒருவர்கூட வர முடியாது, அவர்களுக்கு அதுதான் வியாபாரம் கொழிக்கிற நேரம். வார நாளில் காலை எட்டு மணிக்கு வைக்கச் சொல்லுங்கள். விடுதிப் பெண்கள் வந்து, தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்குக் கடை திறக்கப் போக முடியும்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலம் வாசகி,
சென்னை - 33